குறைவாக ஓடிய கார், கசண்டு பிடித்த இன்ஜின்

2018 ஆகஸ்டில் நான் வாங்கிய பழைய கார் 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. 2011 மாடல், ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. விற்றவர் கே.புதூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற பெரியவர். கோவில், காய்கறிக் கடை, பேரனின் டியூஷன், இவ்வளவுதான் அந்த வண்டி பார்த்த ஊர். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தார். இப்படி ஒரு வண்டி மறுபடி கிடைக்காது என்று அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆறாவது மாதம் அதே வண்டியின் இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக் பாய் என்னைக் கூப்பிட்டார். "சார், இங்கிட்டு வந்து பாருங்க." செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தெளிய வைத்தால் பானையின் அடியில் கசண்டு தங்குமே, அதையே கருப்பாக்கி, கெட்டியாக்கி இன்ஜின் தலையில் அப்பி வைத்ததுபோல் இருந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சுற்றும் இடம் மட்டும் வழித்துவிட்ட மாதிரி பளபளத்தது. மற்ற இடமெல்லாம் பாயின் விரல் நகம் புதையும் அளவுக்குக் கசண்டு.

அதே மாதத்தில் இன்னொரு இன்ஜினையும் திறந்து பார்க்க நேர்ந்தது. என் மச்சான் மாட்டுத்தாவணி பக்கம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். டீசல் வண்டி, 2,80,000 கிலோமீட்டர் தாண்டியது. டேப்பட் கவர் ஓரத்தில் ஆயில் கசிந்ததால் பேக்கிங் மாற்ற அதே பாயிடம் கொண்டு வந்திருந்தார். உள்ளே எங்கு பார்த்தாலும் கருப்பு எண்ணெய் பூசியிருந்தது, டீசல் இன்ஜின் அப்படித்தான் இருக்கும். ஆனால் பாய் ஒரு பனியன் துணியால் துடைத்ததும் அடியில் உலோகம் அப்படியே தெரிந்தது. வழித்தெடுக்க எதுவும் இல்லை.

38,000இல் வாங்கிய வண்டிக்குள் கசண்டு, 2,80,000 ஓடிய வண்டிக்குள் சுத்தம். நான் மேலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்கு விற்கிற நல்ல ஆயில் இன்ஜினைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கேனிலேயே எழுதியிருக்கிறது. அது உண்மையா, உண்மையென்றால் என் வண்டிக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்று தேட ஆரம்பித்தேன். அப்போதிருந்து அந்த இன்ஜினை நான் கவனித்து வந்த கதைதான் இது.

முதலில் சிக்கல் எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு தப்புச் செய்தேன். 2019 பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு தேனிக்குப் போய்த் திரும்பினோம். உசிலம்பட்டியில் நெரிசல். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது, சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்டி போலிருக்கும் அந்த விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்தது. ஓரமாக நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோடு வரை இருந்தது. சாலையோரப் பட்டறையில் கேட்டதற்கு, "ஆயில் தண்ணியாப் போச்சு, கெட்டி ஆயில் ஊத்துனா சரியாப் போயிரும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார்கள். இந்த வண்டியின் கையேடு சொல்வது அதைவிட இளகிய 5டபிள்யூ-30. விளக்கு அணைந்தது, நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

மூன்று வாரம்தான். காலையில் செல்ஃப் அடித்ததும் டேப்பட் சத்தம் முன்பைவிட அதிக நேரம் கேட்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் மதியம், பள்ளி முடிந்து வரும்போது ஒத்தக்கடையில் மறுபடி அதே விளக்கு. இந்தத் தடவை இன்ஜினை உடனே அணைத்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டேன். ஆயில் இருக்கிறதே என்றேன். "ஆயில் கீழ இருந்தா ஆச்சா சார், மேல ஏறணும்ல" என்றார். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் புதூருக்குக் கொண்டு வந்தோம்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்கிற விளக்கு அல்ல. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் இளகியிருக்கும். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும். அந்த நேரத்தில் பம்ப் உறிஞ்சுகிற வாயில் இருக்கும் சல்லடை பாதி அடைத்திருந்தால் அழுத்தம் விழும். எனக்கு நடந்தது அதுதான். கெட்டி ஆயில் அந்த விளக்கைக் கொஞ்ச நாள் மறைத்து வைத்தது, அடைப்பை எடுக்கவில்லை. விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது, உடனே அணைக்க வேண்டும். நான் உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரை ஓட்டி வந்தேன். பேரிங் பிடிக்காமல் போனது அதிர்ஷ்டம்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான ஆயில் சம்பைப் பாய் கழற்றினார். சேம்பர் என்றுதான் அவர் சொல்வார். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கூழ். சல்லடைக் கண்களில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது. கடையில் ஃப்ளஷ் என்று ஒரு சின்ன டின் விற்கிறார்களே, ஊற்றிப் பத்து நிமிடம் ஓட விட்டு வடித்துவிடலாமே என்று கேட்டேன். "இந்த வண்டிக்கு அது வேணாம் சார். ஊத்துனா எல்லாம் ஒண்ணா கழண்டு வந்து சல்லடையில உட்கார்ந்துரும். அப்புறம் இன்ஜின மொத்தமா இறக்க வேண்டியதுதான்." அன்று அவர் சொன்னதை இப்போதும் முழுக்க ஏற்கிறேன். சுத்தமான இன்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையே இல்லை. மோசமாகக் கசண்டு பிடித்த இன்ஜினுக்கு அது ஆபத்து.

சம்பையும் சல்லடையையும் மண்ணெண்ணெயில் கழுவினார். மேலே இருந்த கசண்டை மரக்குச்சியால் கையாலேயே வழித்தெடுத்தார். எண்ணெய் வழிகளுக்குள் துணுக்கு விழாமல் ஒவ்வொரு துளையிலும் துணி அடைத்துக்கொண்டு வேலை செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிசிவி வால்வை மாற்றினார். இன்ஜினுக்குள் கசியும் புகையை வெளியே இழுத்து மறுபடி எரிய அனுப்புகிற சின்ன வால்வு அது. அடைத்துப்போனால் அந்த ஈரமும் புகையும் உள்ளேயே சுற்றி ஆயிலைக் கெடுக்கும். விலை குறைந்த பொருள்தான், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஏமாற்றவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவருடைய ஓட்டத்துக்குப் பத்தாயிரம் ஆக இரண்டு வருடம் போல ஆகும். கையேட்டில் அதே வரியில் "அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ" என்று இருந்ததை அவர் படிக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில், குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவர்களும் நின்று நின்று ஓட்டுபவர்களும் தூசி நிறைந்த இடத்தில் ஓட்டுபவர்களும் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று தனி அட்டவணை இருந்தது. மதுரைக்குள் ஓடுகிற எந்த வண்டிக்கு அந்த அட்டவணை பொருந்தாது? சிம்மக்கல்லிலிருந்து பெரியார் நிலையம் வரை சித்திரை மாத வெயிலில் ஊர்ந்து போவதை வேறு எப்படிச் சொல்வது?

குறைந்த தூர ஓட்டம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பதை வேதியியல்காரனாக நான் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாததுபோல் இருக்கும். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது, கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயிலுக்கு வந்து சேரும். அதோடு எரியாத பெட்ரோல், அமிலம், கரித்தூள் எல்லாம் வரும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் பிசிவி வழியாகப் போய்விடும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரைவிட ஆயில் சூடேற அதிக நேரம் எடுக்கும். வெப்ப முள் நடுவில் வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டு கிலோமீட்டர் போய்க் கோவில் வாசலில் நிறுத்தினால், அந்த ஈரம் முழுக்க உள்ளேயே ஆறிப் படியும். தினமும் இரண்டு வேளை, ஏழு வருடம்.

மச்சானின் வண்டியை இதோடு வைத்துப் பாருங்கள். காலையில் ஏறினால் ராமேசுவரம், மறுநாள் சென்னை, அதற்கு மறுநாள் கன்னியாகுமரி. ஆயில் எப்போதும் முழுச் சூட்டில் இருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் அவருக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான். அந்த ஆயில் பழசாவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது.

இப்போது ஆயில் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். கேனில் இருப்பதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மீதி சேர்மானங்கள். அந்தச் சேர்மானங்களில் சுத்தம் சம்பந்தப்பட்டவை முக்கியமாக இரண்டு. ஒன்று டிடர்ஜென்ட். கால்சியம் அல்லது மெக்னீசிய உப்புகள் இவை. சூடான பிஸ்டன் பக்கத்தில் படிவு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அமிலத்தை முறிக்கும். இன்னொன்று டிஸ்பர்சன்ட். பத்தாம் வகுப்பு அறிவியலில் சோப்பு பாடம் நினைவிருக்கும்: நீரை விரும்பும் தலை, நீரை வெறுக்கும் வால். டிஸ்பர்சன்ட் அதே கதைதான், ஆனால் தலைகீழ். வால் எண்ணெயில் நீந்தும், தலை கரித்தூளையும் பிசுக்கையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துகளையும் சுற்றி இப்படி மூலக்கூறுகள் நின்றுகொள்வதால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாது, உலோகத்தில் போய் ஒட்டாது. எண்ணெயிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், நானும் விட்டிருந்தேன். ஆயில் அழுக்கை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபில்டர் பிடிப்பது கொஞ்சம் பெரிய துகள்களை. டிஸ்பர்சன்ட் பிடித்து வைத்திருக்கும் கரி அதைவிட எத்தனையோ மடங்கு நுண்ணியது, ஃபில்டர் தாளில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அது இன்ஜினைவிட்டு வெளியேற ஒரே வழி, கீழே இருக்கும் போல்ட்டைத் திறந்து ஆயிலை வடிப்பதுதான். ஒரு அளவுக்கு மேல் அழுக்கு சேர்ந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் துகள்கள் திரளும். அமிலத்தை முறிக்கும் உப்பும் தீர்ந்துபோகும். கசண்டு அப்போதுதான் பிறக்கிறது.

ஆயில் கருத்துப்போனால் கெட்டுவிட்டது என்று நினைப்பதும் இதனால்தான் தப்பு. மச்சானின் டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே மை மாதிரி ஆகிவிடும். அழுக்கு உலோகத்தில் ஒட்டாமல் எண்ணெயில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பல மாதம் ஆகியும் தேன் நிறத்திலேயே இருக்கிறது, இன்னும் ஓட்டலாம் என்று சந்தோஷப்படுபவர்களிடம் நான் மறுபடி யோசிக்கச் சொல்வேன். நிறத்தை வைத்து இரண்டு பக்கமும் முடிவு செய்ய முடியாது.

நிறத்தைவிட நம்பத் தகுந்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் வடிதாள் இருப்பதால் எனக்கு வசதி. இன்ஜின் சூடாக இருக்கும்போது டிப் ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை வடிதாளில் விட்டு, தாளின் நடுப்பகுதி எதிலும் படாமல் ஒரு டம்ளர் வாய் மேல் வைத்து மறுநாள் பார்க்க வேண்டும். கருப்பு மெதுவாக வெளியே பரவி, ஓரம் போகப்போகச் சாம்பலாக வெளிறினால் டிஸ்பர்சன்ட் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் கரிப்பொட்டு மாதிரி ஒரே இடத்தில் நின்று, சுற்றி வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால், துகளைத் தூக்கிச் செல்ல எண்ணெய்க்குத் தெம்பு இல்லை. முதல் தடவை என் வண்டியின் பழைய ஆயிலில் அப்படிக் கூர்மையான விளிம்போடு ஒரு பொட்டு விழுந்தது. பிளஸ் டூ பிள்ளைகளிடம் காட்டினேன். குரோமட்டோகிராபியை அன்றைக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

சம்பைக் கழுவிய பிறகு, பாயும் நானும் ஒரு திட்டம் போட்டோம். கையேடு சொன்ன 5டபிள்யூ-30, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்என் தரம், பெரிய விலை இல்லை. முதல் தடவை ஆயிரம் கிலோமீட்டரில் வடித்தோம், அடுத்தது 2,500இல், அதற்கப்புறம் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் புது ஃபில்டர். பழைய ஃபில்டரைப் பாய் ஹேக்ஸா பிளேடால் அறுத்து மடிப்புகளை விரித்துக் காட்டுவார். முதல் ஃபில்டரில் மடிப்புக்கு மடிப்பு கருப்புத் துணுக்கு. மூன்றாவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நான்காவதில் ஒன்றும் இல்லை. பழைய படிவுகளை ஆயில் மெதுமெதுவாகக் கரைத்து எடுத்து வந்திருக்கிறது. ஒரே நாளில் கழுவித் தள்ளவில்லை என்பதால் சல்லடையும் அடைக்கவில்லை.

இதில் ஆயிலுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. என்னோடு இரண்டு ஆசிரியர்கள் பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு வந்தார்கள், அதனால் தினமும் புதூரிலிருந்து மேலூர் பக்கம் போய்வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நான்குவழிச் சாலை ஓட்டம். யானைமலையைத் தாண்டும்போதே இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். அந்த ஓட்டம் இல்லாமல் அதே ஆயிலை ஊற்றியிருந்தால் இந்த அளவு பலன் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் 2020இல் அதுவும் தெரிந்துவிட்டது. மார்ச்சில் ஊரடங்கு, பள்ளி மூடல். வண்டி காய்கறி வாங்க மட்டும் வெளியே போனது. ஆகஸ்டில் ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெள்ளை நுரை, தயிர் ஏடு மாதிரி. ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. கூலன்ட் அளவைக் குறித்து வைத்து ஒரு வாரம் பார்த்தேன், குறையவில்லை. டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் இல்லை. அப்படியானால் அது வெறும் ஈரம். செப்டம்பரில் தளர்வு வந்ததும் அழகர்கோவில் தாண்டி நத்தம் வரை போய்த் திரும்பினேன். நுரை போன இடம் தெரியவில்லை. கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் அந்த மாதமே ஆயிலையும் மாற்றிவிட்டேன்.

2022 ஜூனில் டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தது. மூன்றரை வருடம் கழித்து மறுபடி உள்ளே பார்க்கும் வாய்ப்பு. வண்டி அப்போது 78,000 ஓடியிருந்தது. கசண்டு எங்கும் இல்லை. உலோகம் மட்டும் வெள்ளையாக இல்லை, வடைச் சட்டியின் உள்பக்கம் நாளாக நாளாக ஏறுகிற பழுப்பு நிறம் இருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வராது. வார்னிஷ் என்பார்கள். தடிமன் இல்லாத வெறும் கறை, எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்காது. அதையும் போக்க வேண்டும் என்று மெனக்கெடத் தேவையில்லை. பாய் சிரித்துக்கொண்டே, "இனிமே இத நீங்க பழைய வண்டின்னு சொல்லாதீக சார்" என்றார்.

என் அப்பா எண்பதுகளில் மதுரை ஜங்ஷன் ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டியவர். 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒரு தடவை ஹெட்டை இறக்கி டீகார்பன் செய்வது அந்தக் காலத்தில் வழக்கமான வேலை, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும், உடைந்த ஹேக்ஸா பிளேடால் பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டிக் கொடுத்திருக்கிறேன். மண்ணெண்ணெய் வாசம் இரண்டு நாள் கையில் இருக்கும். இன்றைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காருக்கு ஹெட்டை இறக்கிக் கரி சுரண்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இந்த மாற்றத்தில் ஆயிலுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை. அப்பாவின் வண்டி கார்புரேட்டர் வண்டி, தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000ஆம் ஆண்டில்தான் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறினோம். கந்தகமும் அப்படித்தான்: பிஎஸ்4 என்ற முந்தைய மாசு விதிக்கான எரிபொருளில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை இருந்தது, 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6இல் 10 பங்குதான். கந்தகம் குறைந்தால் ஆயிலில் சேரும் அமிலமும் குறையும்.

ஆயிலின் பங்கு என்ன என்றால், கேனில் இருக்கும் ஏபிஐ எழுத்துகளைப் பார்க்கச் சொல்வேன். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். இந்தத் தரம் வாங்க, ஆயிலை ஒரு ஆய்வக இன்ஜினில் ஊற்றி, நகரத்தில் நின்று நின்று ஓடுவதைப்போல மெதுவாக, முழுச் சூடேறாமல் 200 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி, அப்புறம் பிரித்துக் கசண்டு எவ்வளவு, வார்னிஷ் எவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறார்கள். புதுத் தரங்கள் வர வர மொத்தத்தில் சோதனைகள் கடினமாகியிருக்கின்றன. ஆகவே பழைய வண்டிக்கு எஸ்என்னைவிடப் புதிய தரமான எஸ்பி தாராளமாக ஊற்றலாம். நான் இப்போது அதைத்தான் ஊற்றுகிறேன். டீசல் பிஎஸ்6 வண்டிக்கு மட்டும் கவனம் தேவை: புகைவடிகட்டி இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும், கையேட்டில் எழுதியிருக்கும் எழுத்தை அப்படியே பார்த்து வாங்க வேண்டும்.

"மதுரையில ஏது குளிர், 5டபிள்யூ எதுக்கு?" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு தடவை கேட்டார்கள். 5டபிள்யூ என்பதைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் சோதிப்பது உண்மைதான். ஆனால் நம்மூர் விடியற்காலையிலும் 20டபிள்யூ-50 ரொம்பக் கெட்டியாகவே இருக்கும், 5டபிள்யூ-30 உடனே மேலே ஏறும். இரண்டாவது எண்தான் இன்ஜின் சூடானபின் இருக்கும் தடிமன். அதை வண்டி தயாரித்தவர்கள் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் டேப்பட் சத்தமே அதற்குச் சாட்சி.

சிந்தடிக் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: அதன் அடிப்படை எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெடாது, நம்மூர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது நல்லதே. ஆனால் விலை அதிகம் என்பதற்காக இரண்டு வருடம் வைத்து ஓட்டினால், சாதாரண ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுபவரின் இன்ஜின்தான் சுத்தமாக இருக்கும். குறையும்போதெல்லாம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே வந்தால் மாற்றத் தேவையில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குழம்பு புளித்துப்போனால் மேலே புதுக் குழம்பு ஊற்றுவோமா?

ஆயில் தொடாத இடங்களும் உண்டு. இப்போது சில வண்டிகளில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அவற்றில் காற்று வரும் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை, அங்கே கரி படியும். எவ்வளவு நல்ல ஆயிலும் அதை எடுக்காது, தனியாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

போலி ஆயில் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் கேனை என் கண் முன்னால்தான் திறக்கச் சொல்வேன். காலியானதும் ஸ்க்ரூடிரைவரால் அடியில் குத்தி ஓட்டை போட்டுவிடுவேன், அந்தக் கேனில் மறுபடி யாரும் எதையும் நிரப்பக் கூடாது. வடித்த ஆயிலைப் பாய் பீப்பாயில் சேர்த்து வைப்பார், சுத்திகரிப்புக்கு வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டு மரத்தூணில் கறையானுக்குப் பூச என்று பழைய ஆயிலைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெறுங்கையால் பூசுகிறார்கள், அந்தத் தூணில் பிள்ளைகள் சாய்ந்து நிற்கிறார்கள், மழையில் கரைந்து கிணற்றுப் பக்கம் போகிறது.

போன மாதம் என் வண்டி 1,20,000 தாண்டியது. வடிதாள் சொட்டு நன்றாகப் பரவியது, இருந்தாலும் ஆறு மாதம் ஆகிவிட்டதால் மாற்றிவிட்டேன்.

அதே வாரம் எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் திருநகரில் ஒரு பழைய கார் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். 2016 மாடல், 31,000 கிலோமீட்டர். கேட்டதுமே எனக்கு என் வண்டியின் நினைப்புதான் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. வீட்டில் இருந்த அம்மா பானட்டைத் திறந்து காட்டினார். ஆயில் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். கேம் ஷாஃப்ட்டைச் சுற்றி லேசான பொன்னிறம், வேறு எதுவும் இல்லை. மூடியின் அடியிலும் விரலை வைத்து வழித்துப் பார்த்தேன், வெறும் எண்ணெய். "ஆயில் எப்பம்மா மாத்துவீங்க?" என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். வருடா வருடம் ஆடி பிறக்கும் முன்னால் ஒரு பில், தை பிறக்கும் முன்னால் ஒரு பில். சிலவற்றில் இடையே ஓடியது 1,500 கிலோமீட்டர்கூட இல்லை. "எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப பழக்கிவிட்டது தம்பி, நாள் கணக்குத்தான் பார்க்கணும்னு சொல்லுவாரு" என்றார்.

நான் அந்த இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் அங்கேயே முன்பணம் கொடுத்தார்.